தெருவைப் படிக்கும் நடை: வாசகர் கேள்வி பதில்

ஆகஸ்ட் பிறந்தாலே சென்னையின் பழைய தெருக்களில் மரபு நடைகள் களைகட்டிவிடும். 2004இல் தொடங்கிய 'மெட்ராஸ் டே' கொண்டாட்டத்துக்குப் பிறகு, சம்பளம் வாங்காமல் ஊரைச் சுற்றிக் காட்டும் தன்னார்வலர்கள் பெருகியிருக்கிறார்கள். அதுபற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, ஜார்ஜ் டவுனிலும் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் நடை நடத்தும் தன்னார்வலர்கள் இங்கே பதில் சொல்கிறார்கள்.

எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த நாலைந்து பேர் சேர்ந்து ஜார்ஜ் டவுனில் ஒரு மரபு நடை நடத்த ஆசைப்படுகிறோம். எத்தனை இடம் காட்டலாம், எவ்வளவு நேரம், எத்தனை பேரை அழைத்துப் போகலாம்?
– வாசகர், பெரம்பூர்

முதல் நடையில் எல்லோரும் செய்யும் தவறு, இருபது இடங்களைப் பட்டியல் போடுவது. எட்டு போதும். எட்டையும் நின்று, நிமிர்ந்து, தொட்டுப் பார்க்க முடிய வேண்டும். கண்ணுக்கு முன்னால் ஒன்றும் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு "இங்கேதான் முன்பு..." என்று கதை சொன்னால், இரண்டாவது நிமிடம் கைப்பேசிகள் வெளியே வந்துவிடும்.

கணக்கு இப்படிப் போடுங்கள். மொத்தம் இரண்டு மணி நேரம், அதாவது 120 நிமிடம். எட்டு இடம், இடத்துக்கு 8 நிமிடம் என்றால் 64. ஒன்றரை கிலோமீட்டர் நடக்கத் தனி ஆளுக்கு 18 நிமிடம் போதும். இருபது பேர் கூட்டமாக நடந்தால் அதுவே 35 நிமிடம் பிடிக்கும். மீதி ஏறக்குறைய 20 நிமிடம் தாமதமாக வருகிறவர்களுக்கும், சாலை கடப்பதற்கும், தண்ணீர் குடிப்பதற்கும். இந்த 20 நிமிடத்தை விடாமல் திட்டமிட்டவர்கள் கடைசி இரண்டு இடங்களை வெயிலில் ஓடிக்கொண்டே காட்டுவார்கள்.

ஆட்கள் இருபதைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் பின்வரிசைக்குக் குரல் எட்டாது, நடைபாதையும் அடைபடும். இருபது பேருக்கு வழிகாட்டி ஒருவர், கடைசியில் வருபவர் ஒருவர், நடுவில் சாலை கடக்க உதவ ஒருவர் என்று மூன்று பேர் இருக்க வேண்டும். கடைசி ஆள்தான் முக்கியம். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. ஒவ்வொரு இடத்திலும் கிளம்பும் முன் தலை எண்ணுவது அவர் வேலை. அவர் கை தூக்கிய பிறகுதான் வழிகாட்டி நகர வேண்டும்.

பாதைக்கு ஒரு யோசனை. உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் கூடி, மண்ணடி மெட்ரோ நிலையத்தில் முடியுங்கள். இரண்டு முனையிலும் கழிப்பறை உண்டு. ஜார்ஜ் டவுனுக்குள் அது கிடைப்பது குதிரைக்கொம்பு. புறப்படும் முன்பே "அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு வசதி இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, பாதியில் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

முதல் நிறுத்தம் பாரிமுனை. டேர் ஹவுஸ் ஓரமாக, கடந்து போகிறவர்கள் கண்ணிலேயே படாமல் ஒரு கல்தூண் நிற்கிறது. அதில் 1773 என்று ஆண்டு பொறித்திருக்கும். அந்தத் தூணுக்கு முதுகைக் காட்டித் தெற்கே பார்க்கச் சொல்லுங்கள். எதிரே உயர் நீதிமன்ற வளாகம் முழுக்க ஒரு காலத்தில் வீடுகளும் கடைகளும் கோயிலும் நிறைந்த பழைய கறுப்பர் நகரம், அதாவது ஆங்கிலேயர்கள் 'பிளாக் டவுன்' என்று அழைத்த இந்தியர் குடியிருப்பு. 1746இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் 1758–59இல் மறுபடி முற்றுகையிட்டார்கள். பக்கத்து வீடுகளின் மறைவில் எதிரி நெருங்கிவிடுகிறான் என்பதால், கோட்டையைச் சுற்றிப் பீரங்கி பாயும் தூரத்துக்கு ஆங்கிலேயர்கள் எல்லாவற்றையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 'இதற்கு அப்பால் யாரும் கட்டக் கூடாது' என்பதற்கு நட்ட எல்லைக்கற்களில் மிஞ்சியது இது. வெட்டவெளியாகக் கிடந்த அந்த இடத்தில்தான், 1892இல் திறக்கப்பட்ட சிவப்புக் கட்டடம் எழுந்தது. அங்கிருந்து பெயர்ந்த சென்னகேசவப் பெருமாள் இன்று பூக்கடைப் பக்கம் இருக்கிறார், அருகிலேயே சென்ன மல்லீஸ்வரர். கல் ஒன்றைக் கொண்டு ஒரு நகரம் இடம் மாறிய கதையைச் சொல்லிவிடலாம். இதற்கு மட்டும் 8 நிமிடத்தை 12 ஆக்கினாலும் தப்பில்லை.

அங்கிருந்து அரண்மனைக்காரன் தெரு, பிறகு தம்புச் செட்டித் தெருக் காளிகாம்பாள் கோயில், அப்படியே மண்ணடி. அரண்மனைக்காரன் தெருவில் அரண்மனை எதுவும் இருந்ததில்லை. 'ஆர்மேனியன்' என்ற சொல் ஊர் வாயில் அப்படித் திரிந்தது. 1712இல் எழுப்பி 1772இல் திரும்பக் கட்டிய ஆர்மேனியத் தேவாலயம் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. உள்ளே நடைபாதையிலேயே கல்லறைக் கற்கள் பதித்திருக்கின்றன. ஆர்மேனிய எழுத்து பொறித்த கற்களைக் கால் படாமல் சுற்றிப் போய்ப் பார்க்கும்படி நுழையும் முன்பே சொல்லிவிடுங்கள். உலகின் முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794இல் சென்னையிலிருந்துதான் வெளியானது. அதை நடத்திய பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மவோனியனின் கல்லறையும் இங்கே இருக்கிறது. பத்திரிகை வாசிக்கும் நாம் அங்கே ஒரு நிமிடம் நிற்கத்தான் வேண்டும்.

எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போவது நல்லது? ஒருமுறை சனிக்கிழமை பத்து மணிக்குப் போய் ஒன்றுமே பார்க்க முடியவில்லை.
– வாசகி, அம்பத்தூர்

ஜார்ஜ் டவுனுக்கு ஞாயிறு காலை ஆறரை மணி. மொத்த வியாபாரக் கடைகள் மூடியிருக்கும். சரக்கு வண்டியும் மீன்பாடி வண்டியும் தெருவை அடைக்காது. கடைப் பலகைக்கு மேலே முதல் மாடியைப் பார்க்கலாம். பழைய கட்டடத்தின் முகம் இப்போது அங்கேதான் மிஞ்சியிருக்கிறது.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு எல்லாம் வடக்கு தெற்காக ஓடுகின்றன. காலையில் கிழக்கு வரிசைக் கட்டடங்களின் நிழல் தெருவில் விழும். கூட்டத்தைக் கிழக்கு ஓர நிழலில் நிறுத்தி, வெயில் முகத்தில் அடிக்கும் மேற்கு வரிசையைக் காட்டுங்கள். பார்ப்பவருக்கு நிழல், கட்டடத்துக்கு வெளிச்சம். வழிகாட்டி கூட்டத்தைப் பார்த்து நிற்பதால் வெயில் அவர் முகத்தில் விழும். தொப்பி அவருக்குக் கட்டாயம்.

செவ்வாய்க்கிழமையில் அரண்மனைக்காரன் தெரு வேண்டாம். அந்தோணியார் நவநாளுக்கு வரும் கூட்டத்தில் நடையும் நடக்காது, வழிபட வருபவர்களுக்கும் இடைஞ்சல். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. கோட்டைக்குள் போக எல்லோரிடமும் அடையாள அட்டை இருக்க வேண்டும். தலைமைச் செயலகமும் ராணுவமும் இருக்கும் இடம் என்பதால் படம் எடுப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. காவலர் 'வேண்டாம்' என்றால் வாதம் செய்யாமல் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். அடுத்த குழுவுக்கும் அந்த வாசல் திறக்க வேண்டும்.

மாதம் என்றால் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. மயிலாப்பூர் மாட வீதிகளுக்கு மார்கழிக் காலை ஐந்தரை மணிக்கு இணையாக ஒன்றும் இல்லை. ஆகஸ்டில் மாலை நடை வைத்தால் இடிமழைக்கும் ஒரு மாற்று வழி யோசித்து வையுங்கள்.

வழிகாட்டிகள் சொல்வதெல்லாம் உண்மையா? ஒருவர் காளிகாம்பாள் கோயிலுக்குச் சிவாஜி வந்தார் என்றார். இன்னொருவர், 1639 ஆகஸ்ட் 22இல்தான் சென்னை பிறந்தது என்றார். மயிலாப்பூர் அதற்கு முன்பே இருந்ததே?
– வாசகர், சேலையூர்

நீங்கள் கேட்டது மிகச் சரி. ஒவ்வொரு வழிகாட்டியும் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

நல்ல வழிகாட்டி மூன்று விதமாகப் பேசப் பழக வேண்டும். 'ஆவணத்தில் இருக்கிறது', 'கோயில் மரபு சொல்கிறது', 'ஊர் வழக்கு'. எந்தச் செய்தியைச் சொன்னாலும் இந்த மூன்றில் ஒன்றை முன்னால் ஒட்டிச் சொல்ல வேண்டும். சிவாஜி விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1677இல் அவர் படையோடு தென்னாட்டுக்கு வந்ததும், கோட்டைக்கு ஆள் அனுப்பி மருந்துப் பொருள்கள் கேட்டதும் கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்களில் உள்ள செய்தி. அவர் காளிகாம்பாளை வந்து வணங்கினார் என்பது கோயில் மரபு. இரண்டையும் பிரித்துச் சொன்னால் கோயிலின் பெருமை ஒரு குன்றிமணி அளவும் குறையாது. கேட்பவர் மனதில் அது இன்னும் ஆழமாகத்தான் பதியும்.

1639 என்பது கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கோட்டை கட்ட இடம் கொடுத்த ஆண்டு. கொடுத்தவர் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர், கம்பெனி சார்பில் பேசியவர் பிரான்சிஸ் டே. அந்த ஆவணத்தின் படிகளில் ஜூலை 22 என்று காட்டுபவையும் உண்டு. எப்படியானாலும் அது கோட்டையின் தொடக்கம், ஊரின் தொடக்கம் அல்ல. மயிலையைச் சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டிலேயே பாடிவிட்டார். திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலக் கல்வெட்டு இருக்கிறது. போர்ச்சுக்கீசியர்கள் ஆங்கிலேயருக்கு நூறு ஆண்டுக்கு முன்பே சாந்தோமில் குடியேறிவிட்டார்கள். ஆகவே "கோட்டை எழுந்து, சுற்றியிருந்த ஊர்களெல்லாம் சேர்ந்து ஒரே நகரமாக வளரத் தொடங்கிய ஆண்டு 1639" என்று சொல்லுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது.

'சென்னை' என்ற பெயருக்கும் இதே முறைதான். இடம் கொடுத்த நாயக்கரின் தந்தை சென்னப்பர் பெயரால் வந்தது என்பது ஒன்று, சென்னகேசவப் பெருமாளால் வந்தது என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்லி, கேட்பவரிடமே விட்டுவிடுங்கள்.

கோயில், தேவாலயம், பள்ளிவாசலுக்குள் குழுவாகப் போக அனுமதி வாங்க வேண்டுமா?
– வாசகி, மேடவாக்கம்

ஒரு குடும்பம் போவது வேறு, இருபது பேர் நின்று விளக்கம் கேட்பது வேறு. பத்து நாள் முன்னதாக நேரில் போய், தேதி, நேரம், ஆள் எண்ணிக்கை எழுதிய கடிதம் கொடுத்துவிடுங்கள். முந்தின நாள் ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள். கடிதத்தின் நகல் கையில் இருக்கட்டும், ஏனென்றால் வாசலில் இருப்பவருக்கு அலுவலகத்தில் பேசியது தெரிந்திருக்காது.

பெரும்பாலான கோயில்கள் நடுப்பகலில் நடை சாத்தி மாலை நாலு மணிவாக்கில்தான் திறக்கும். வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்கு வெள்ளி நண்பகலிலும், தேவாலயங்களுக்கு ஞாயிறு பூசை நேரத்திலும் போகாதீர்கள். விளக்கத்தை எப்போதும் வாசலுக்கு வெளியே முடித்துவிட்டு உள்ளே மௌனமாகப் போவதே மரியாதை. இடுப்பில் மாட்டும் சிறிய ஒலிபெருக்கியை வாசலிலேயே அணைத்துவிடுங்கள். இருபது ஜோடிச் செருப்புக்கு இரண்டு பெரிய துணிப்பை எடுத்துப் போனால் பத்து நிமிடம் மிச்சம்.

கபாலீஸ்வரர் கோயிலில் ஒரு விஷயத்தை வெளியிலிருந்தே காட்டலாம். 1906இல் எழுந்த பெரிய கோபுரம் கிழக்கில் இருக்கிறது, ஆனால் சுவாமி மேற்கே குளத்தைப் பார்த்து இருக்கிறார். 'எந்தப் பக்கம் முன்பக்கம்?' என்று கேட்டுவிட்டுக் கோயிலைச் சுற்றி வரச் சொல்லுங்கள். அதன் பிறகு நீங்கள் பேசும் ஒவ்வொரு சொல்லும் காதில் ஏறும்.

பிரபலமான கட்டடம் இல்லாத சாதாரணத் தெருவில் என்ன காட்டுவது? எங்கள் சிந்தாதிரிப்பேட்டையில் பழைய ஓட்டு வீடுகளும் மாடி வீடுகளும்தான் உண்டு.
– வாசகர், சிந்தாதிரிப்பேட்டை

'தான்' என்று சொல்லிவிட்டீர்களே! உங்கள் பேட்டையின் பெயரே ஒரு பாடம். 1734இல் கம்பெனியார் துணி நெய்வோரைக் குடியமர்த்தி உருவாக்கிய ஊர் அது, சின்னத் தறிப் பேட்டை.

திண்ணை உள்ள ஒரு பழைய மாடி வீட்டைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்காரர் சம்மதத்தோடு கூட்டத்தை நிறுத்தி, தலையை நிமிர்த்தி உத்தரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தேக்கு அல்லது வேறு கெட்டி மரச் சட்டங்கள் ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஓடும். அவற்றுக்கு மேல் ஒரு விரல் கனமுள்ள அச்சுக்கல் என்ற மெல்லிய செங்கல்லைக் குத்துவசமாக, சுவருக்கு மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த தளம். அதற்கும் மேல் தட்டோடு எனும் தட்டை ஓடு. இதுதான் மெட்ராஸ் டெரஸ். கம்பியும் சிமென்டும் வருவதற்கு முன் இந்த நகரம் மாடி கட்டிய விதம் இது. மூலைவாட்டில் அடுக்கியதன் காரணம், பாரம் நேராக ஒரே சட்டத்தில் இறங்காமல் பல சட்டங்களுக்குப் பரவும் என்பது.

எங்கே பழுதாகும் என்பதையும் அதே இடத்தில் காட்டுங்கள். மாடியில் தண்ணீர் தேங்கினால் முதலில் உளுத்துப்போவது சட்டம் சுவருக்குள் நுழையும் முனை. வெளியே தெரியாது. கீழே அச்சுக்கல் ஒன்றிரண்டு இறங்கும்போதுதான் தெரியும். அப்போது மேலே சிமென்ட் பூசி அடைத்தால் நிலைமை மோசமாகும். சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும், சிமென்ட் விடாது. ஈரம் உள்ளேயே தங்கி மரத்தைத் தின்னும், சுவரில் பூச்சு பாளம் பாளமாக உரியும். மழைநீர்க் குழாயைச் சரிசெய்து, தட்டோட்டு இடுக்குகளைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே அடைத்திருந்தால் அந்தக் கூரை இன்னும் பல காலம் தாங்கும். 'பழைய வீடு, இடிக்க வேண்டியதுதான்' என்று முடிவெடுத்த எத்தனையோ வீடுகள் உண்மையில் இந்தச் சின்ன வேலையைச் செய்யாததால் போனவை. நடைக்கு வருபவர்களில் யாராவது ஒருவர் வீட்டில் இப்படி ஒரு கூரை இருக்கும். அவருக்கு அன்றைய காலையில் வேறெதுவும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இது தெரிய வேண்டும்.

குடியிருப்பவர்கள் எரிச்சலடைகிறார்கள். "என் வீடு என்ன மியூசியமா?" என்று ஒரு அம்மா கேட்டுவிட்டார். என்ன செய்வது?
– வாசகர், மயிலாப்பூர்

அவர் கேட்டது நியாயம். அது அவர் வாசல். ஞாயிறு காலையில் இருபது அந்நியர்கள் திண்ணையை மறித்து நின்றால் யாருக்கும் கோபம் வரும்.

ஒரு வாரம் முன்பே அந்தத் தெருவில் ஒருமுறை போய், இன்ன கிழமை, இன்ன நேரம், எட்டு நிமிடம் நிற்போம் என்று சொல்லி வையுங்கள். வீட்டுக்கு நேர் எதிரே நிற்காமல், எதிர்ச்சாரியில் இரண்டு வீடு தள்ளி நில்லுங்கள். கோலத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது. திறந்த கதவு வழியாக உள்ளே படம் எடுக்கக் கூடாது. ஒரே தெருவுக்கு மாதம் ஒருமுறைக்கு மேல் போக வேண்டாம். வீட்டுப் பெரியவர் தானாகப் பேச வந்தால் மட்டும் நீங்கள் ஒதுங்கி அவரைப் பேச விடுங்கள். உங்களைவிட அந்தத் தெரு அவருக்குத் தெரியும்.

சக்கர நாற்காலியில் இருக்கும் என் அப்பாவும் எட்டு வயது மகளும் வரலாமா?
– வாசகி, வேளச்சேரி

ஜார்ஜ் டவுன் அப்பாவுக்குச் சிரமம். நடைபாதை விட்டுவிட்டுத்தான் இருக்கிறது, இருக்கும் இடத்திலும் உயரம் ஒரே சீராக இல்லை. அதற்குப் பதில் காமராசர் சாலை. மெரினாவை ஒட்டிய அகல நடைபாதையில் சமதளமாகப் போகலாம். 1768இன் சேப்பாக்கம் அரண்மனை, கட்டடக் கலைஞர் சிஷோம் கட்டிய செனட் ஹவுஸ், மாநிலக் கல்லூரி, 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த ஐஸ் ஹவுஸ் என்று நாலைந்து கட்டடங்களைச் சாலைக்கு இப்புறம் இருந்தே முழுதாகப் பார்க்க முடியும். ஏறி இறங்கும் இடங்களில் கைகொடுக்க ஒருவர் கூட வரட்டும்.

மகளுக்கு ஒரு மணி நேரம் போதும். ஒரு தாளில் ஐந்து படங்கள் வரைந்து கொடுத்து 'இவற்றைக் கண்டுபிடி' என்றால் அவள்தான் உங்களை இழுத்துக்கொண்டு போவாள்.

கையில் என்னென்ன வைத்துக்கொள்ள வேண்டும்? கட்டணம் வாங்கலாமா?
– வாசகர், தாம்பரம்

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலு, பஞ்சு, கட்டுத்துணி, ஒரு விசில், மடக்குக் குடை. பழைய வரைபடமோ படமோ காட்டுவதென்றால் ஏ3 அளவில் லேமினேட் செய்யுங்கள். ஏ4 இரண்டாவது வரிசைக்கே தெரியாது, கைப்பேசித் திரை யாருக்கும் தெரியாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் வெள்ளோட்டம். அதே கிழமை, அதே நேரத்தில், கையில் கடிகாரத்தோடு முழுப் பாதையையும் ஒருமுறை நடந்து பாருங்கள். செவ்வாய் மாலையில் பார்த்துவிட்டு ஞாயிறு காலை நடத்தினால், பூட்டிய வாசலும் தோண்டிய சாலையும் அன்றுதான் தெரியும்.

கட்டணம் உங்கள் விருப்பம். வாங்குவதானால் எதற்கு என்று முன்பே எழுதுங்கள். வாங்காவிட்டால் பதிவு செய்தவர்களில் கணிசமான பேர் வரமாட்டார்கள். அதனால் இருபது பேருக்கு மேல் ஏழெட்டுப் பேரைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்து, முந்தின நாள் மாலை வாட்ஸ்அப்பில் "வருகிறீர்களா?" என்று கேட்டு உறுதி செய்யுங்கள். 'வரவில்லை' என்று சொன்னவர் இடம் உடனே அடுத்தவருக்கு.

வால்டாக்ஸ் சாலை என்ற பெயரின் 'வால்' எங்கே? அந்த மதில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?
– வாசகர், கொளத்தூர்

இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களின் முற்றுகைக்குப் பிறகு புதிய கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். அந்தச் செலவை ஊர் மக்களிடம் வரியாக வாங்கத் திட்டமிட்டு, கடைசியில் வாங்காமலேயே விட்டார்கள். வராத வரியின் பெயர் சாலைக்கு நிலைத்துவிட்டது. மதிலின் ஒரு துண்டு பழைய சிறைச்சாலைச் சாலையில், மாடிப் பூங்கா என்ற பெயரில் இருக்கிறது. பெயருக்கு ஏற்றாற்போல் மதிலின் மேலேயே பூங்கா. படியேறி மேலே போனால் சுவரின் அகலத்தைக் காலடி வைத்தே அளந்து பார்க்கலாம். அங்கிருந்து நேரம் இருந்தால் இன்னும் வடக்கே ராயபுரம் ரயில் நிலையம். 1856இல் வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் புறப்பட்ட அதே கட்டடம். முகப்புத் தூண்களைச் சாலையில் நின்றே பார்க்கலாம். உள்ளே போவதென்றால் எல்லோருக்கும் நடைமேடைச் சீட்டு எடுத்துவிடுங்கள்.